பூதத்தான்கெட்டு முதல் ஆலுவா வரை: அணை முதுமையடையும்போது முதலில் தளர்வது சுவரா, கதவா?

ஆலுவா: கேரளத்தின் மிக நீளமான ஆறான பெரியாறு, மலையிலிருந்து இறங்கிக் கடலைச் சேர்வதற்கு முன் ஆலுவா நகரில் இரண்டு கிளைகளாகப் பிரிகிறது. 244 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆற்றின் மேற்பகுதியில் வெவ்வேறு காலங்களில் கட்டப்பட்ட அணைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் ஆலுவாவுக்கு மிக அருகில் இருப்பது கோதமங்கலத்தை அடுத்த பூதத்தான்கெட்டு. விடுமுறை நாட்களில் படகுச் சவாரிக்காகக் குடும்பங்கள் திரளும் இந்தத் தடுப்பணை கட்டி முடிக்கப்பட்டு அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

பெரியாற்றின் அணைகள் குறித்த விவாதம் பெரும்பாலும் முல்லைப் பெரியாறு அணையின் சுவர் உறுதியானதா என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே நடைபெறுகிறது. ஆனால் 2017-ஆம் ஆண்டுக்குப் பின் தென்னிந்தியாவில் தலைப்புச் செய்தியான அணை விபத்துகளை வரிசைப்படுத்தினால், அவற்றில் பெரும்பாலானவை மதகுகளிலும் கதவுகளிலும் அவற்றைத் தூக்கும் சங்கிலிகளிலும் தொடங்கியிருப்பது தெரியவருகிறது. முதுமையடையும் அணையில் எந்தப் பகுதி முதலில் பழுதடைகிறது, அதைக் கண்டறியும் சட்டப்பூர்வ ஏற்பாடு என்ன, கரையோர மக்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

பெரியாற்றில் எந்த அணை எங்கே உள்ளது?

ஆற்றின் உச்சியில் இருப்பது முல்லைப் பெரியாறு அணை. ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் பென்னிகுவிக் தலைமையில் கருங்கல், சுண்ணாம்பு, சுர்க்கி ஆகியவற்றைக் கொண்டு கட்டப்பட்ட இந்த அணை 1895-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் திறக்கப்பட்டது. அணை கேரள எல்லைக்குள் இருந்தாலும், 1886-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசுடன் செய்துகொள்ளப்பட்ட 999 ஆண்டு குத்தகை ஒப்பந்தத்தின்படி அதை இயக்கிப் பராமரிப்பது தமிழ்நாடு. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்கள் இந்த நீரை நம்பியுள்ளன.

முல்லைப் பெரியாற்றிலிருந்து வழியும் உபரிநீர் வண்டிப்பெரியாறு, உப்புதறை வழியாக இடுக்கி நீர்த்தேக்கத்தை அடைகிறது. சுமார் 169 மீட்டர் உயரமுள்ள இடுக்கி வளைவு அணைக்கு மதகுகள் கிடையாது. அதன் நீர்த்தேக்கத்திலிருந்து உபரிநீரை வெளியேற்றுவது அருகிலுள்ள செறுதோணி அணையின் ஐந்து கதவுகள் மட்டுமே. அதற்குக் கீழே கீழ்ப்பெரியாறு அணை, நேரியமங்கலம் எனக் கடந்துவரும் ஆற்றுடன் இடமலையாறு அணையின் நீரும் சேர்கிறது. தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்தைத் தொட்டபடி வரும் இந்த மொத்த நீரும் பூதத்தான்கெட்டின் 15 மதகுகளைக் கடந்த பிறகே மலையாற்றூர், காலடி வழியாக ஆலுவாவை அடைகிறது.

பூதத்தான்கெட்டு எத்தகைய அணை?

பூதங்கள் ஓர் இரவில் பாறைகளை உருட்டிவந்து ஆற்றை அடைக்க முயன்றதாக வழங்கும் தொன்மக் கதையிலிருந்து இந்த இடத்துக்குப் பெயர் வந்தது. இயற்கையாகக் குவிந்த அந்தப் பாறைகளுக்கு அருகில், பெரியாறு பள்ளத்தாக்குப் பாசனத் திட்டத்தின் கீழ் 1964-ஆம் ஆண்டு இன்றைய தடுப்பணை கட்டி முடிக்கப்பட்டது. எர்ணாகுளம் மாவட்டத்தின் பாசனக் கால்வாய்களுக்கு நீரைத் திருப்பிவிடுவதே இதன் முதன்மைப் பணி.

இடுக்கியைப் போல் பெருமளவு நீரைத் தேக்கிவைக்கும் அணை அல்ல இது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மதகுகள் உயர்த்தப்பட்டு ஆறு தடையின்றி ஓட விடப்படுகிறது. மழை ஓய்ந்த பின் மதகுகள் இறக்கப்பட்டு நீர்மட்டம் உயர்த்தப்படுகிறது. கால்வாய்களில் நீர் பாய்வதும், சுற்றுலாப் படகுகள் இயங்குவதும் அப்போதுதான்.

இந்த இயக்கமுறையிலேயே அணையின் இரண்டு விதமான ஆபத்துகளும் அடங்கியுள்ளன. வெள்ளக் காலத்தில் ஒரு கதவு உயராமல் சிக்கிக்கொண்டால், அணைக்கு மேற்புறம் நீர் ஏறி, மற்ற கதவுகளின் மீதும் கரைகளின் மீதும் அழுத்தம் கூடும். கோடையில், நீர் தேங்கியிருக்கும்போது ஒரு கதவு உடைந்தால், ஆற்றில் குளித்துக்கொண்டிருப்பவர்களை முன்னறிவிப்பின்றி நீர் அடித்துச் செல்லும். தேக்கிய பாசன நீரும் வீணாகும். முதலாவது ஆபத்தில் மழை எச்சரிக்கையாவது இருக்கும். இரண்டாவது வெயில் காயும் நாளிலும் நிகழக்கூடியது.

சுவரைவிடக் கதவு ஏன் விரைவில் தளர்கிறது?

அணைச்சுவர் என்பது கல்லும் கான்கிரீட்டும் கொண்ட அசையாத கட்டுமானம். தன் எடையால் நீரின் அழுத்தத்தைத் தாங்குவதே அதன் வேலை. அதன் முதுமை மெதுவானது: சுண்ணாம்பு சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறும், கசிவுநீர் கூடும், விரிசல் தோன்றும். கசிவுநீரின் அளவை நாள்தோறும் பதிவு செய்தால் இந்த மாற்றங்களைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டறிய இயலும்.

கதவு அவ்வாறல்ல. அது அணையின் அசையும் உறுப்பு. இரும்புத் தகடு ஒருபுறம் நீரிலும் மறுபுறம் காற்றிலும் இருப்பதால் துருப்பிடிக்கிறது. ஓரங்களில் உள்ள ரப்பர் பட்டைகள் இறுகி வெடிக்கின்றன. கதவைத் தூக்கும் சங்கிலியும் இரும்புக் கயிறும் ஆண்டுதோறும் அதே இடங்களில் தேய்கின்றன. எதிர் எடை கொண்டு இயங்கும் கதவுகளில் ஒரு சங்கிலிக் கண்ணி அறுந்தாலே கதவு சமநிலை இழக்கும். மோட்டார், மின்தடையின்போது உதவும் ஜெனரேட்டர், இவை எதுவும் இயங்காதபோது கையால் சுழற்றும் அமைப்பு ஆகியவையும் கதவின் பகுதிகளே. இவற்றில் ஒன்று பழுதானாலும், தேவையான நேரத்தில் கதவு திறக்காது.

அணையின் சுவர் நூறாண்டுகளைக் கடந்தும் நிற்கலாம். ஆனால் அதன் கதவுகளையும் தூக்கும் கருவிகளையும் அதே காலத்துக்குள் பலமுறை மாற்ற வேண்டியிருக்கும். அணையின் வயதை மட்டும் கேட்பதைவிட, அதன் கதவுகள் கடைசியாக எப்போது மாற்றப்பட்டன என்று கேட்பதே பயனுள்ளது என்று கூறுவதற்குக் காரணம் இதுதான்.

அண்மைக் கால விபத்துகள் காட்டுவது என்ன?

கிருஷ்ணகிரி, 2017: தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே 1950-களில் கட்டப்பட்ட கிருஷ்ணகிரி அணையில், நவம்பர் 29-ஆம் தேதி எட்டு மதகுகளில் முதலாவது மதகின் கதவு உடைந்தது. பூங்காவும் சுற்றுலாப் பயணிகளுமாகக் காட்சியளிக்கும் இந்த அணையிலிருந்து நீர் வெளியேறியதால் கரையோர மாவட்டங்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

முக்கொம்பு, 2018: திருச்சி மக்களின் பொழுதுபோக்கிடமான முக்கொம்பு மேலணை, 19-ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் அமைத்தது. காவிரியில் வெள்ளம் பெருகியிருந்த ஆகஸ்ட் 22-ஆம் தேதி, கொள்ளிடம் பகுதியின் 45 மதகுகளில் ஒன்பது மதகுகள் சரிந்து அடித்துச் செல்லப்பட்டன. பின்னர் அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது.

அன்னமய்யா, 2021: ஆந்திரத்தின் செய்யேறு ஆற்றில் இருந்த அன்னமய்யா அணையின் மண்கரை நவம்பர் 19-ஆம் தேதி வெள்ளம் ஏறி வழிந்ததில் கரைந்தது. கரையோரக் கிராமங்களில் பலர் உயிரிழந்தனர். அணையின் ஐந்து கதவுகளில் ஒன்று இயங்காத நிலையில் இருந்தது நாடாளுமன்றத்திலும் சுட்டிக்காட்டப்பட்டது. கதவின் பழுது அணை முழுவதையும் பலிகொள்ளக்கூடும் என்பதற்கும், அதற்கு நூறாண்டு முதுமை தேவையில்லை என்பதற்கும் இது சான்று.

பரம்பிக்குளம், 2022: கேரள எல்லைக்குள் இருந்தாலும் தமிழ்நாடு இயக்கும் இந்த அணையில், செப்டம்பர் 21-ஆம் தேதி அதிகாலையில் எதிர் எடையின் சங்கிலி அறுந்து மூன்று கதவுகளில் நடுக்கதவு அடித்துச் செல்லப்பட்டது. வினாடிக்கு ஏறத்தாழ 20,000 கனஅடி நீர் பெரிங்கல்குத்து வழியாகச் சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. சாலக்குடி ஆறு ஆலுவாவுக்கு வடமேற்கே பெரியாற்றுடன் கலப்பதால், இந்த விபத்து எர்ணாகுளம் மாவட்டத்துக்கும் நேரடித் தொடர்புடையது.

துங்கபத்ரா, 2024: கர்நாடகத்தின் ஹொசபேட்டே அருகே உள்ள அணையில் ஆகஸ்ட் 10-ஆம் தேதி இரவு 33 கதவுகளில் 19-ஆவது கதவின் சங்கிலி அறுந்தது. சுமார் எழுபது ஆண்டுகள் பழமையான இந்த அணையில், ஓடும் நீரிலேயே தற்காலிக இரும்புத் தடுப்புகளை இறக்கி நீரை நிறுத்துவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆனது. இழந்தது பாசனத்துக்காகத் தேக்கிய நீரின் ஒரு பகுதி.

இந்த ஐந்து நிகழ்வுகளுக்கும் பொதுவான ஓர் அம்சம் உண்டு. நான்கு இடங்களில் பெருஞ்சுவர் நின்றது. மதகுப் பகுதி விழுந்தது. ஐந்தாவது இடத்தில் கரையே கரைந்தபோதும் ஒரு கதவு இயங்காமல் இருந்தது.

பொழுதுபோக்கு அணைகளுக்குத் தனி ஆபத்து உண்டா?

உண்டு என்பதை அமெரிக்காவின் இரண்டு நிகழ்வுகள் காட்டுகின்றன. கலிபோர்னியாவின் ஃபோல்சம் ஏரி படகுச் சவாரிக்குப் பெயர்பெற்றது. 1995-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் தேதி, வெள்ளம் ஏதுமற்ற கோடை நாளில், அதன் அணைக் கதவுகளில் ஒன்றைத் திறக்க முயன்றபோது அது உடைந்து நீர் கொட்டியது. கதவு சுழலும் அச்சில் ஏற்பட்ட துருவும் அதனால் கூடிய உராய்வுமே காரணம் என விசாரணையில் தெரியவந்தது.

மிச்சிகன் மாநிலத்தின் ஈடன்வில் அணை 1924-ஆம் ஆண்டு மின்னுற்பத்திக்காகக் கட்டப்பட்டது. காலப்போக்கில் அதன் ஏரியைச் சுற்றி விடுமுறை இல்லங்களும் படகுத்துறைகளும் பெருகின. பெருவெள்ளத்தை வெளியேற்றப் போதிய மதகு வசதி இல்லை என்பதால் 2018-ஆம் ஆண்டு அதன் மின்னுற்பத்தி உரிமம் ரத்து செய்யப்பட்டது. ஆயினும் ஏரியின் நீர்மட்டத்தைக் குறைப்பதா, உயர்த்திவைப்பதா என்பதில் உரிமையாளருக்கும் அரசுக்கும் வழக்கு மூண்டது. 2020-ஆம் ஆண்டு மே 19-ஆம் தேதி கனமழையில் அணையின் மண்கரை சரிந்தது. அதன் கீழே இருந்த சான்ஃபோர்டு அணையும் வீழ்ந்தது. சுமார் 10,000 பேர் முன்னதாக வெளியேற்றப்பட்டதால் உயிரிழப்பு தவிர்க்கப்பட்டது.

அணையின் பாதுகாப்புக்கு நீர்மட்டம் குறைவாக இருப்பது நல்லது. படகுக்கும் சுற்றுலா வருவாய்க்கும் அது உயர்ந்திருப்பது நல்லது. பாசனத்துக்காகவோ மின்சாரத்துக்காகவோ தொடங்கி, பின்னாளில் சுற்றுலாத் தலமாக மாறிய ஒவ்வோர் அணையிலும் இந்த முரண்பாடு எழுகிறது. பழுதுபார்ப்பதற்காக ஏரியை ஒரு பருவம் காலியாக வைப்பது என்பது கரையோரக் கடைகளுக்கும் படகோட்டிகளுக்கும் ஒரு பருவத்தின் வருமானம். அதை ஈடுசெய்யும் வழியைச் சிந்திக்காத பராமரிப்புத் திட்டம் தள்ளிப்போவது இயல்பு.

முல்லைப் பெரியாறு: நீர்மட்டமே வழக்கான கதை

குஜராத்தின் மோர்பி நகரை 1979-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் தேதி மச்சு-2 அணையின் உடைப்பு அழித்தது. அதே ஆண்டில் முல்லைப் பெரியாறு குறித்த அச்சம் கேரளத்தில் வலுத்தது. 152 அடியாக இருந்த நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டு, மத்திய நீர் ஆணையத்தின் பரிந்துரைப்படி பலப்படுத்தும் பணிகள் மேற்கொள்ளப்பட்டன. அணையின் மேற்பகுதிக்குக் கான்கிரீட் போர்வை, சுவரை அடித்தளப் பாறையுடன் பிணைக்கும் இரும்புக் கம்பிவடங்கள், பின்புறக் கான்கிரீட் தாங்குசுவர் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

நீர்மட்டத்தை 142 அடியாக உயர்த்த 2006-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அதைத் தடுக்கக் கேரளம் சட்டம் இயற்றியது. நீதிபதி ஏ.எஸ்.ஆனந்த் தலைமையிலான உயர்நிலைக் குழுவின் ஆய்வுக்குப் பின், 2014-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி அரசியல் சாசன அமர்வு அச்சட்டத்தை ரத்து செய்து, 142 அடியை உறுதிசெய்தது. அணை பாதுகாப்பாக உள்ளது என்பது தமிழ்நாட்டின் நிலைப்பாடு. புதிய அணை தேவை என்பது கேரளத்தின் நிலைப்பாடு. அத்தீர்ப்பின்போது கண்காணிப்பு, நீதிமன்றம் ஏற்படுத்திய குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது.

2018: அணை உடையாமலேயே மூழ்கிய நகரம்

அணை உடைந்தால்தான் ஆபத்து என்ற எண்ணத்தை ஆலுவாவின் அனுபவம் மறுக்கிறது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் 19 வரை கேரளத்தில் வழக்கமான 287.6 மில்லிமீட்டருக்குப் பதிலாக 758.6 மில்லிமீட்டர் மழை பெய்தது. செறுதோணி அணையின் கதவுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் ஆகஸ்ட் 9-ஆம் தேதி திறக்கப்பட்டன. ஆகஸ்ட் 15-ஆம் தேதி முல்லைப் பெரியாறு 142 அடியை எட்டியது. ஆலுவா மணப்புறமும் நகரின் பெரும்பகுதியும் நீரில் மூழ்கின. நெடும்பாசேரியில் உள்ள கொச்சி விமான நிலையம் ஆகஸ்ட் 15 முதல் 29 வரை மூடப்பட்டது. அண்டை ஆறான சாலக்குடியில் பெரிங்கல்குத்து அணையின் மதகுகளை மரங்கள் அடைத்துக்கொள்ள, வெள்ளம் அணையின் மேலேறி வழிந்தது.

பெரியாற்றின் அணைகள் எதுவும் உடையவில்லை. எனினும் அவை எப்போது, எவ்வளவு நீரைத் திறந்தன என்பதே சர்ச்சையானது. பெரும்பாலான அணைகள் ஆகஸ்ட் 14-ஆம் தேதியே நிரம்பியிருந்ததால் அவை வெள்ளத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என மத்திய நீர் ஆணையத்தின் அறிக்கை கூறியது. கேரள உயர் நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் 2019-ஆம் ஆண்டு அளித்த அறிக்கையோ, அணைகளில் வெள்ளத்துக்கென இடம் ஒதுக்கப்படாததைக் குறையாகச் சுட்டியது. இரண்டு அறிக்கைகளும் ஒரே உண்மையைத் தொடுகின்றன: மழை வருவதற்கு முன் நிரம்பிவிட்ட அணையால் வெள்ளத்தைத் தடுக்க இயலாது. எந்த மாதத்தில் எந்த மட்டத்துக்கு மேல் நீர் தேக்கக்கூடாது என்பதை வரையறுக்கும் இயக்க அட்டவணை இன்று முக்கியத்துவம் பெற்றிருப்பது இதனால்தான்.

ஆலுவாவுக்குக் கீழேயும் கதவுகள் உள்ளன. கடல்நீர் உட்புகுவதைத் தடுக்கும் பாதாளம் மதகுப் பாலம் 2024-ஆம் ஆண்டு மே 20-ஆம் தேதி திறக்கப்பட்டபோது ஆற்றில் பெருமளவில் மீன்கள் செத்து மிதந்தன. கதவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது வெள்ளப் பிரச்சினை மட்டுமல்ல. கொச்சி மாநகருக்கு ஆலுவாவிலிருந்து செல்லும் குடிநீரோடும், மீனவர் வாழ்வோடும் இணைந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021 அந்த ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளும், குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்ட 10 முதல் 15 மீட்டர் வரையிலான அணைகளும் இதன் வரம்புக்குள் வருகின்றன. தடுப்பணையும் கதவணையும்கூட இச்சட்டத்தின் பொருளில் அணைகளே. சட்டத்தின் முக்கிய அம்சங்கள்:

* ஒவ்வோர் அணைக்கும் பருவமழைக்கு முன்பும் பின்பும் ஆய்வு நடத்தப்பட வேண்டும்.

* அணையின் உரிமையாளர் பராமரிப்புக்குப் போதிய நிதி ஒதுக்குவதுடன், தனிப் பாதுகாப்புப் பிரிவையும் அமைக்க வேண்டும்.

* சட்டம் நடைமுறைக்கு வந்த ஐந்து ஆண்டுகளுக்குள், அதாவது 2026-ஆம் ஆண்டு இறுதிக்குள், தன்னிச்சையான வல்லுநர் குழுவைக் கொண்டு முதலாவது முழுமையான பாதுகாப்பு மதிப்பீட்டை முடிக்க வேண்டும்.

* அதே காலத்துக்குள் அவசரகாலச் செயல்திட்டம் தயாரிக்கப்பட வேண்டும். அணை உடைந்தாலோ பெருமளவு நீர் திறக்கப்பட்டாலோ எந்தப் பகுதி மூழ்கும் என்பதைக் காட்டும் வரைபடம் அதில் இடம்பெறும்.

* கடமையைச் செய்ய மறுப்போருக்கு ஓராண்டு வரையிலும், உயிரிழப்பு நேரிட்டால் இரண்டாண்டு வரையிலும் சிறைத் தண்டனை விதிக்கப்படலாம்.

நாட்டில் 200-க்கும் மேற்பட்ட பெரிய அணைகள் நூறாண்டுகளைக் கடந்தவை. கட்டி முடித்து ஐம்பது ஆண்டுகள் ஆனபின் பெரிய கான்கிரீட் அணைகளில் முதுமையின் அடையாளங்கள் தோன்றத் தொடங்கலாம் என ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு குறிப்பிட்டது. உலக வங்கி உதவியுடன் நடைபெறும் அணைப் புனரமைப்புத் திட்டத்தின் முதற்கட்டம் 2012 முதல் 2021 வரை ஏழு மாநிலங்களில் 223 அணைகளை உள்ளடக்கியது. கேரளமும் தமிழ்நாடும் அவற்றுள் அடங்கும்.

கரையோர மக்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

கேரளத்தில் அணை நீர்மட்டம் உயரும்போது நீலம், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று படிநிலைகளில் எச்சரிக்கை வெளியிடப்படுகிறது. சிவப்பு எச்சரிக்கை வந்தபின் ஆற்றில் இறங்குவதும், மீன்பிடிப்பதும், பாலங்களில் நின்று படம் எடுப்பதும் உயிருக்கு ஆபத்தானவை. மேலே கதவு திறக்கப்பட்ட நீர் ஆலுவாவை வந்தடையச் சில மணி நேரம் ஆகும். ஆவணங்களையும் கால்நடைகளையும் முதியோரையும் மேடான இடத்துக்குக் கொண்டுசெல்ல அந்த நேரமே கையில் உள்ளது.

சுற்றுலாவாக அணைக்குச் செல்வோர் மதகுகளுக்குக் கீழே உள்ள பாறைகளில் இறங்காதிருப்பது நல்லது. வானம் தெளிவாக இருப்பது பாதுகாப்பின் அடையாளம் ஆகாது. மழை பெய்வது வேறு மலையாக இருக்கலாம், கதவு பழுதாவது எந்த நாளிலும் நிகழலாம்.

உள்ளாட்சி அமைப்புகளும் கிராம சபைகளும் அணை உரிமையாளரான துறையிடம் சில நேரடியான கேள்விகளை எழுப்பலாம். இந்த ஆண்டின் மழைக்கு முந்தைய ஆய்வு முடிந்ததா? எல்லாக் கதவுகளும் முழு உயரத்துக்கு ஏற்றி இறக்கிச் சோதிக்கப்பட்டனவா? சங்கிலிகளும் கயிறுகளும் கடைசியாக எப்போது மாற்றப்பட்டன? மின்சாரம் நின்றால் கதவை இயக்கும் மாற்று ஏற்பாடு உள்ளதா? ஒரு கதவு உடைந்தால் உடனே இறக்குவதற்கான இரும்புத் தடுப்புகள் அணையிலேயே உள்ளனவா? எங்கள் வார்டு எந்த அளவு வெள்ளத்தில் மூழ்கும் என்ற வரைபடம் எங்கே கிடைக்கும்?

இவற்றுக்குப் பதில் அளிக்க நூற்றாண்டு வழக்கோ மாநிலங்களுக்கிடையிலான உடன்பாடோ தேவையில்லை. அணையின் பதிவேடு முறையாகப் பராமரிக்கப்பட்டிருந்தால் போதும். கேள்விகளைக் கேட்பதற்கு உகந்த காலம், மதகுகள் மழைக்காக உயர்த்தப்படும் ஜூன் மாதத்துக்கு முந்தைய கோடை மாதங்களே.